மனைவியின் முகம்... செப்புத் தகட்டில்! தெரியுமா?

ரெம்பிராண்ட்! நெதர்லாந்தின் ஓவியப் பேரரசர்! தன் முகத்தைத் தானே வரைந்துகொள்வதில் அவருக்கு இருந்த ஆசை எவ்வளவு தெரியுமா? செப்புத் தகட்டில் கீறி அச்சிட்டவை மட்டுமே சுமார் 30! சிரிக்கும் ரெம்பிராண்ட், முறைக்கும் ரெம்பிராண்ட், வாயைப் பிளந்து நிற்கும் ரெம்பிராண்ட்! ஆனால் மனைவியைப் பக்கத்தில் வைத்துத் தகட்டில் கீறியது எத்தனை முறை? ஒன்று. ஒரே ஒன்றுதான்!

அந்த ஒன்று 1636-ல் பிறந்தது. உயரம் சுமார் பத்தரை சென்டிமீட்டர், அகலம் ஒன்பதரை. அவ்வளவுதான்! முன்னால் பெரிதாக ரெம்பிராண்ட், வரைந்துகொண்டே நம்மை நிமிர்ந்து பார்க்கிறார். பின்னால், மேசைக்கு அந்தப் பக்கம், சின்னதாக சாஸ்கியா! எந்த வீட்டு மனைவியும் "நான் மட்டும் ஏன் இத்தனூண்டு?" என்று கேட்டிருப்பார்! இருவரும் போட்டிருப்பது அவர்கள் காலத்து உடையா? அதுவும் இல்லை! அதற்கும் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பாணி! கணவனும் மனைவியும் சேர்ந்து வேஷம் கட்டி விளையாடியிருக்கிறார்கள்!

சரி, இந்தப் படங்களை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? பளபளப்பான செப்புத் தகடு. அதன் மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு. அதில் ஊசியால் கீறினால் அடியில் செம்பு எட்டிப் பார்க்கும். தகட்டை அமிலத்தில் போட்டால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும்! பிறகு பூச்சை நீக்கி, பள்ளங்களில் மையைத் தேய்த்து, மேற்பரப்பை வழித்துத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளைக்கு நடுவே தள்ளினால்... படம் தயார்! இதற்குப் பெயர் எச்சிங்.

இதில் ஒரு வேடிக்கை. தகட்டில் வலப்பக்கம் இருப்பது காகிதத்தில் இடப்பக்கம் விழும்! அப்படியானால் கையெழுத்து? தகட்டில் தலைகீழாகத் திருப்பி எழுதினால்தான் காகிதத்தில் நேராக வரும்! ரெம்பிராண்டே சில தகடுகளில் இதில் கோட்டைவிட்டிருக்கிறார். அவருடைய அச்சுகள் சிலவற்றில் எழுத்தோ எண்ணோ கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நிற்கும்! மொத்தம் சுமார் 300 எச்சிங் செய்த மேதைக்கே இந்தக் கதி!

யார் இந்த சாஸ்கியா? மில்காரரின் மகனான ரெம்பிராண்டுக்குக் கிடைத்த பெண் சாதாரண இடத்துப் பெண் இல்லை! வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் லேயுவார்டன் நகரம். அதன் மேயராக இருந்த வழக்கறிஞர் ரொம்பெர்டஸ் வான் ஓய்லன்பர்க்கின் கடைக்குட்டி. 1612-ல் பிறந்தவர்.

அந்த அப்பாவைப் பற்றி ஒரு செய்தி. மயிர்க்கூச்செறியும்! 1584 ஜூலை 10. டெல்ஃப்ட் நகரில் டச்சு விடுதலைப் போரின் தலைவர் வில்லியம் ஆஃப் ஆரஞ்ச் மதிய உணவு சாப்பிடுகிறார். உடன் அமர்ந்த விருந்தாளி யார்? ரொம்பெர்டஸ்தான்! சாப்பிட்டு எழுந்து வெளியே வந்த வில்லியம், படிக்கட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார்! சுவரில் குண்டு பாய்ந்த ஓட்டைகளை டெல்ஃப்டில் இன்றும் காட்டுகிறார்கள்! மாமனார் வீட்டுக் கதையே இப்படி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

பெண் பார்த்த படலம் எங்கே நடந்தது? சாஸ்கியா 12 வயதுக்குள் அம்மா அப்பா இருவரையும் இழந்துவிட்டார். ஆம்ஸ்டர்டாமில் உறவினர் ஹென்ட்ரிக் வான் ஓய்லன்பர்க் ஓவிய வியாபாரம் செய்துவந்தார். அவர் வீட்டிலேயே தங்கி அவருக்காகப் படம் வரைந்துகொண்டிருந்த இளைஞர் ரெம்பிராண்ட்! மிச்சத்தை நான் சொல்ல வேண்டுமா என்ன?

1633 ஜூன் 8. நிச்சயதார்த்தம் முடிந்து மூன்றாம் நாள்! ரெம்பிராண்ட் என்ன செய்தார் தெரியுமா? பதப்படுத்திய தோலை எடுத்தார். வெள்ளி முனை வைத்த கோலை எடுத்தார். வருங்கால மனைவியை உட்கார வைத்து வரைந்தார்! பூச்சூட்டிய அகலமான வைக்கோல் தொப்பி, கன்னத்தில் சாய்த்த கை, இன்னொரு கையில் ஒரு பூ! வெள்ளிக் கோலால் ஒரு கோடு போட்டால் போட்டதுதான். அழித்துத் திருத்த வழியே இல்லை! அப்படியும் ஒரு தடுமாற்றம் கிடையாது. பெர்லினில் இருக்கிற இந்தப் படத்தின் உயரம் 18.5 சென்டிமீட்டர்!

அதன் கீழே தன் கைப்படக் குறிப்பு எழுதியிருக்கிறார். இவள் என் மனைவி, வயது 21, நிச்சயமான மூன்றாம் நாள் வரைந்தது என்று! அட, கல்யாணத்துக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறதே? வயதும் உதைக்கிறதே? ஆகஸ்டில் பிறந்த சாஸ்கியாவுக்கு அன்றைக்கு 20 தான் முடிந்திருந்தது! குறிப்பைப் பிற்பாடு எழுதிச் சேர்த்திருக்கலாம் என்பார்கள். எனக்கென்னவோ, எழுதியது எப்போதாக இருந்தாலும் நாளை மறக்காமல் வைத்திருந்தாரே, அதுதான் பெரிது!

இன்னொரு கொசுறு! தன் பெயரில் நாம் இன்று பார்க்கும் 'ட்' ஒலிக்கான கூடுதல் எழுத்தை அவர் சேர்த்துக்கொண்டதும் இதே 1633-ல்தான்! எதற்காக? அவர் சொல்லவே இல்லை!

1634 கோடையில், ஃப்ரீஸ்லாந்தில் சின்ட் அன்னாபரோகி என்ற சின்ன ஊர்த் தேவாலயத்தில் கல்யாணம். அதே ஆண்டு ஒரு தகடு! தலைமுடியில் முத்துச்சரம் சுற்றிய சாஸ்கியா! உயரம் ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை! உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம்! அதில் ஒவ்வொரு முத்தும் தனித்தனியாக மின்னுகிறது! எப்படித்தான் கீறினாரோ!

இனிமேல்தான் வேடிக்கை. எண்ணெய் வண்ண ஓவியத்தில் மனைவியை என்னவாக வரைந்தார் தெரியுமா? தேவதையாக! பூக்களின் ரோமானியத் தேவதை ஃப்ளோராவாக 1634-ல் ஒன்று, 1635-ல் இன்னொன்று! ஒன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், மற்றது லண்டனில்! பட்டு என்ன, பூமாலை என்ன, கையில் கோல் என்ன! ஆனால் செப்புத் தகட்டில்? அங்கே போகப் போக அலங்காரம் கழன்றுவிடும்! 1636-ல் ஒரு தகடு முழுக்கத் தலைகள். தலையைச் சாய்த்து ஒன்று, முக்காடு போட்டு ஒன்று என்று ஒரே காகிதத்தில் சாஸ்கியா திரும்பத் திரும்ப வருகிறார்! 1637-ல் இன்னொரு தகடு, மூன்று பெண் தலைகள். அதில் ஒன்று தூங்குகிறது! சாஸ்கியாவாகத்தான் இருக்கும் என்கிறார்கள்! மனைவி கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஊசியை எடுத்துவிட்டார் மனிதர்!

யோசித்துப் பாருங்கள்! இது அச்சு! ஒரு தகட்டிலிருந்து பல பிரதிகள்! சாஸ்கியாவின் தூக்கத்தை முன்பின் தெரியாத யாரோ காசு கொடுத்து வாங்கி, வீட்டில் ஆல்பத்தில் வைத்துக்கொள்கிறார்! அந்தரங்கமும் வியாபாரமும் ஒரே தகட்டில்! சாஸ்கியாவிடம் அனுமதி கேட்டாரா? தெரிந்தால் நன்றாக இருக்கும்!

டானாயே என்றொரு பெரிய ஓவியம் கேள்விப்பட்டதுண்டா? படுக்கையில் கையை நீட்டி யாரையோ வரவேற்கும் பெண். 1636-ல் தொடங்கியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்... உள்ளே வேறொரு முகம்! முதலில் வரைந்தது சாஸ்கியாவின் சாயல் என்றும், அவர் இறந்த பிறகு முகத்தை மாற்றிவிட்டார் என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்! இதைவிடத் திடுக்கிட வைப்பது 1985 ஜூன் 15. ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் ஒருவர் கத்தியால் குத்தி, அமிலத்தையும் வீசிவிட்டார்! மீட்டுச் சரிசெய்து மறுபடி மாட்டுவதற்கு 12 ஆண்டுகள் ஆயின! தகட்டில் முகத்தைக் கொண்டுவந்ததும் அமிலம், திரைச்சீலையில் முகத்தைத் தின்றதும் அமிலம்!

செலவாளித் தம்பதி என்று ஊரே பேசியது, தெரியுமா? 1637-ல் ரூபன்ஸ் வரைந்த ஒரு படத்துக்கு ரெம்பிராண்ட் கொடுத்தது 424 கில்டருக்கும் மேல்! 1639-ல் வீடு வாங்கினார். விலை? 13,000 கில்டர்! முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டா வாங்கினார்? இல்லை! அந்தக் கடன் அவரை விரட்டிய விரட்டு பின்னால் வருகிறது!

பெற்றோர் வைத்துவிட்டுப் போன சொத்தை சாஸ்கியா ஆடம்பரமாக அழித்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் சிலரே வாய்விட்டுச் சொன்னார்கள். ரெம்பிராண்டுக்கு வந்ததே கோபம்! 1638-ல் அவதூறு வழக்கு! எங்களுக்குச் சொத்து மிதமிஞ்சி இருக்கிறது என்று வாதம்! கடைசியில் என்ன ஆனது? தோற்றுப்போனார்! ஊரார் வாய்க்கு அவரும் தீனி போடாமல் இல்லை. சுமார் 1635-ல் வரைந்த ஓர் ஓவியத்தில், அப்பன் சொத்தை அழித்த ஊதாரி மகனாகத் தன்னையும், மடியில் சாஸ்கியாவையும் வைத்து, கோப்பையை உயர்த்திச் சிரிக்கிறார்! இப்படி வரைந்துவிட்டு நீதிமன்றத்துக்கும் போனால்?

சிரிப்பு நீடித்ததா? 1635-ல் முதல் குழந்தை, ரொம்பார்டஸ். இரண்டு மாதத்தில் இறந்தது. 1638-ல் மகள், கொர்னேலியா. மூன்று வாரம். 1640-ல் இன்னொரு மகள். அவளுக்கும் கொர்னேலியா என்றே பெயர் வைத்தார்கள். அவளும் தங்கவில்லை. ரெம்பிராண்டின் அம்மா பெயர் அது. பிற்காலத்தில் வேறொரு துணைவி மூலம் பிறந்த மகளுக்கும் அதே கொர்னேலியா! மூன்று முறை ஒரே பெயர்! மூன்றாமவள்தான் பிழைத்தாள்!

இந்த இழப்புகளுக்கு நடுவே, 1639-ல், அவர் கீறிய ஒரு தகட்டைப் பார்த்தால் முதுகுத்தண்டு சில்லிடும்! நன்றாக உடுத்திய இளம் தம்பதி நடந்து வருகிறார்கள். எதிரே ஒரு திறந்த குழி. அதிலிருந்து எழுந்து வருகிறது எலும்புக்கூடு! கையில் மணல் கடிகாரம், அரிவாள்! மரணம் தம்பதியைச் சந்திக்கிறது! படத்தின் உயரம் 11 சென்டிமீட்டர். அந்தப் பெண் சாஸ்கியா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மூன்றே ஆண்டுகளில் சாஸ்கியா இல்லை!

நோயாளி சாஸ்கியாவையும் விடவில்லை அவர்! கட்டிலில் கிடக்கும் மனைவி, கால்மாட்டில் உட்கார்ந்திருக்கும் தாதி என்று மையில் வரைந்த ஒரு படம் மியூனிக்கில் இருக்கிறது. ஒரு தகட்டில் படுக்கையில் நோயுற்ற பெண் ஒரு பக்கம், அதே தகட்டின் மிச்ச இடத்தில் சம்பந்தமே இல்லாத வேறு தலைகள்! காகிதம் கிடைத்த இடத்தில் கிறுக்குவதுபோல் செம்பிலும் கிறுக்கியிருக்கிறார்!

எல்லாவற்றிலும் சின்னது எது தெரியுமா? வெள்ளைத் தலைத்துணி கட்டிய நோயுற்ற பெண். சுமார் 1641 - 42. உயரம் ஆறு சென்டிமீட்டர், அகலம் ஐந்து. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது! சாஸ்கியாதான் என்று பலரும் கருதுகிறார்கள். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் முத்துச்சரத்தோடு இருந்த முகமா இது? கன்னம் ஒட்டி, கண் இடுங்கி... அப்பப்பா! அழகாகக் காட்ட வேண்டும் என்று ஒரு கோடுகூட அவர் கூட்டவில்லை. நான் பார்த்த ரெம்பிராண்ட் படங்களில் என்னை அசைத்துப்போட்டது ஆளுயர ஓவியங்கள் இல்லை, இந்த ஆறு சென்டிமீட்டர்தான்!

1641 செப்டம்பரில் மகன் டைட்டஸ் ஞானஸ்நானம். நான்கில் பிழைத்த ஒரே பிள்ளை! அம்மாவுக்கு உடம்பு தேறவே இல்லை. 1642 ஜூன் 5-ல் உயில் எழுதினார். ஒன்பதே நாளில், ஜூன் 14 அன்று, மூச்சு நின்றது. வயது 29! காசநோயாக இருக்கலாம் என்கிறார்கள். அதே 1642-ல்தான் ரெம்பிராண்ட் முடித்த ஓர் ஓவியம் உலகையே அவர் பெயர் சொல்ல வைத்தது. எது? 'இரவுக் காவல்'!

அந்த உயிலில் ஒரு பொடி வைத்திருந்தார் சாஸ்கியா! சொத்தில் தன் பாதி டைட்டஸுக்கு. வரும்படியைக் கணவர் அனுபவிக்கலாம். மறுமணம் செய்தால்? அந்த உரிமை போயிற்று! தம்பதியின் மொத்தச் சொத்தைப் பின்னால் கணக்கிட்டபோது வந்த தொகை 40,750 கில்டர்! விளைவு? ரெம்பிராண்ட் கடைசிவரை மறுமணம் செய்யவே இல்லை! 1654-ல் துணைவி ஹென்ட்ரிக்யே கர்ப்பமாக இருந்தபோது, கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறாய் என்று தேவாலயக் குழு அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தது! அப்போதும் தாலி கட்டுகிற பேச்சே இல்லை!

ஆகா, என்ன காதல் என்று உருகிவிடாதீர்கள்! கொஞ்சம் நில்லுங்கள்! நடுவில் ஒருவர் இருக்கிறார். டைட்டஸை வளர்க்க வந்த தாதி, கேர்ட்யே டிர்க்ஸ். சாஸ்கியாவின் நகைகளை ரெம்பிராண்ட் யாருக்குக் கொடுத்தார்? இவருக்குத்தான்! உறவு கசந்தது. 1649-ல், கல்யாணம் செய்வதாகச் சொல்லி ஏமாற்றினார் என்று கேர்ட்யே வழக்குப் போட்டார். ஆண்டுக்கு 200 கில்டர் கொடு என்று தீர்ப்பு! நகைகளை அவர் அடகு வைத்ததும் ரெம்பிராண்ட் செய்த வேலை இருக்கிறதே... அவரை கௌடா நகரத்துப் பெண்கள் திருத்த இல்லத்தில் அடைக்க ஏற்பாடு செய்துவிட்டார்! ஐந்து ஆண்டுகள்! எந்தப் பெரிய கலைஞர் செய்திருந்தாலும் இது அநியாயம்தான்!

சரி, வழக்கை விட்டுத் தகட்டுக்குத் திரும்புவோம்! மூன்று கையுள்ள பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? 1646-ல் ரெம்பிராண்ட் கீறிய ஒரு தகட்டில் இருக்கிறார்! திரைபோட்ட கட்டில், அதில் ஒரு ஜோடி, கட்டில் காலில் மாட்டிய இறகுத் தொப்பி. உற்றுப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு இடது கை இரண்டு! முதலில் படுக்கையில் கிடந்த கையை, பிறகு ஆணைத் தழுவியபடி மாற்றிக் கீறியிருக்கிறார். பழையதை அழிக்கவே இல்லை! மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா? இன்றும் சண்டை ஓயவில்லை!

1656. வந்தது திவால்! வீட்டுப் பொருள்களைக் கணக்கெடுத்த பட்டியலில் எத்தனை இனங்கள் தெரியுமா? 363! எல்லாம் ஏலத்துக்கு! 13,000 கில்டர் வீடு 1658-ல் 11,218 கில்டருக்குப் போனது! அந்த வீடுதான் இன்றைய ரெம்பிராண்ட் இல்ல அருங்காட்சியகம். அங்கே போனால் செப்புத் தகட்டில் மை தடவி அச்செடுத்துக் காட்டுகிறார்கள்!

அதைவிட அதிர்ச்சி! 1662-ல் ரெம்பிராண்ட் எதை விற்றார் தெரியுமா? சாஸ்கியாவின் கல்லறையை! ஆம்ஸ்டர்டாம் பழைய தேவாலயத்தில் 20 ஆண்டுகளாக அவர் உறங்கிய இடத்தை! கைவிட்டுப் போன அந்த இடத்தில் இன்று சாஸ்கியாவின் பெயர் பொறித்த கல் இருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச் 9, காலை எட்டரைக்குச் சற்றுப் பின்னே, ஜன்னல் வழியே வரும் சூரிய ஒளி சரியாக அந்தக் கல்லில் விழுகிறது! அதைப் பார்க்கவே கூட்டம் கூடுகிறது!

தகடுகள் என்ன ஆயின? ஓவியர் இறந்தது 1669-ல். ஆனால் அவர் தகடுகளில் பல கைமாறிக் கைமாறி, நூறாண்டு கழித்தும் பாரிஸில் அச்சடிக்கப்பட்டன! தேய்ந்த இடங்களை வேறு ஆட்கள் மறுபடி கீறிச் சரிசெய்துகூட விற்றார்கள்! 1938-ல் 78 தகடுகளை ஓர் அமெரிக்க வழக்கறிஞர் மொத்தமாக வாங்கிக் கடல் கடத்தினார்! அவை 1993-ல் விற்பனைக்கு வந்து உலகமெங்கும் சிதறின!

கடைசியாக ஒன்று! நம் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரையும் ரெம்பிராண்ட் வரைந்திருக்கிறார் என்றால் நம்புவீர்களா? ஷாஜகான்! ஆம், தாஜ்மகால் ஷாஜகானேதான்! முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து அவர் தீட்டியவற்றில் 23 இன்றும் இருக்கின்றன! காலம் சுமார் 1656 முதல் 1661 வரை. மும்தாஜ் 1631-ல் தன் 14-வது பிரசவத்தில் இறந்தார். சாஸ்கியா நான்காவது பிள்ளை பெற்ற ஒன்பதாம் மாதம். அங்கே ஒருவர் பளிங்கை மலையாகக் குவித்தார், இங்கே இன்னொருவர் ஆறு சென்டிமீட்டர் செம்பில் அடக்கினார்!

அந்த முகலாயப் படங்களை எதன்மேல் வரைந்தார் தெரியுமா? கப்பலில் வந்த ஆசியக் காகிதத்தின் மேல்! விலை கூடிய சரக்கு! திவாலாகி, வீடும் போன காலம் அது! சாஸ்கியா உயிரோடு இருந்திருந்தால் கணவரைத் தடுத்திருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னும் இரண்டு கட்டு சேர்த்து வாங்கச் சொல்லியிருப்பார்!